ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் உபுண்டுவும்: முதலில் கேபிளைக் கழற்றுங்கள்

கேள்வி: ஹட்டனில் ஏ.எல். படிக்கிறேன். வீட்டு கம்ப்யூட்டரில், கேபிளில் இணைக்கும் சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அண்ணா, மதர்போர்டிலேயே செருகும் 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். அதில் உபுண்டு லினக்ஸ் போட ஆசை. அப்பாவின் கடைக் கணக்கெல்லாம் விண்டோஸில்தான். அதற்கு ஒன்றும் ஆகாமல் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. தனித்தனி டிரைவ் என்பதால் பாதிக் கவலை இப்போதே தீர்ந்தது. மீதிக்கு நல்ல வழி, உபுண்டு போடும்போது விண்டோஸ் டிரைவைக் கழற்றி வைப்பதுதான்.

இயங்குதளத்தை எழுப்பிவிடும் பூட்லோடர், டிரைவில் இஎஃப்ஐ என்ற சின்னப் பகுதியில் இருக்கும். இரண்டு டிரைவும் இணைப்பில் இருந்தால், சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் புது டிரைவை விட்டுவிட்டு, விண்டோஸ் டிரைவின் இஎஃப்ஐயிலேயே தங்கள் பூட்லோடரை வைத்துவிடும். தலவாக்கலையில் நண்பர் ஒருவருக்கு நான் இப்படித்தான் கவனிக்காமல் போட்டுக் கொடுத்தேன். மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. பிறகு விண்டோஸ் டிரைவ் பழுதாகி அதைக் கழற்றினோம், லினக்ஸும் எழும்பவில்லை. கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, பூட்லோடர் மட்டும் பழுதான டிரைவோடு போய்விட்டது. அதைத் திரும்பப் போட்டு முடிக்க நடுச்சாமம் ஆகிவிட்டது.

அதனால் முதலில் அப்பாவின் கணக்கை ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். டிரைவை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாது, உபுண்டுவில் இருந்து அந்த டிரைவில் எழுதவும் முடியாது.

அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கேஸின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, சாட்டா கேபிள் முனையில் இருக்கும் சின்னத் தகட்டை அழுத்தியபடி இழுத்தால் வந்துவிடும். எம்.2வை மாட்டி உபுண்டுவைப் போடுங்கள். மழையும் இடியுமான பின்னேரத்தில் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முடிந்ததும் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். விண்டோஸ் டிரைவ் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில மதர்போர்டுகளில் எம்.2 மாட்டினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது, கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், விண்டோஸை முதலாவதாக வையுங்கள், அப்பாவுக்கு எந்த மாற்றமும் தெரியாது. உங்களுக்கு உபுண்டு வேண்டும்போது, ஆன் செய்ததும் பூட் மெனு பட்டனை அழுத்துங்கள். அது மதர்போர்டைப் பொறுத்து பெரும்பாலும் எஃப்8, எஃப்11 அல்லது எஃப்12 ஆக இருக்கும்.

இன்னொன்று. உபுண்டுவில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், காலை எட்டு மணிக்கு அது 2.30 என்று காட்டலாம். உபுண்டு மதர்போர்டுக் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இலங்கைக்கு வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். கடைக் கணக்கில் திகதி மாறிப் பதியாமல் இருக்க, உபுண்டுவின் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.