கிளைடர் பந்தயத்தில் தாழப் பறந்து முடிப்பதற்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

"அனுபவமுள்ள பைலட்டுகள்தானே, தரையை ஒட்டி வந்து முடிவுக் கோட்டைத் தாண்டினால் என்ன, அதுதானே பார்க்க அழகு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழகுதான், மறுக்க மாட்டேன். இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறேன். அதற்கு முன் ஜெர்மனியில் வேலை பார்த்த ஆறு வருடமும் வார இறுதிகளில் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், ஓட்டினேன். பந்தய நாட்களில் ஃபினிஷ் லைனில் நின்று நேரம் குறித்திருக்கிறேன். இன்ஜின் சத்தமே இல்லாமல், காற்றைக் கிழிக்கும் சீறலோடு ஒரு வெள்ளை இறக்கை தலைக்கு மேல் போகும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் தாழ வருவது வேறு, தாழவும் மெதுவாகவும் வருவது வேறு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வருபவர் மூக்கைத் தூக்கினால், வேகம் 100-க்குக் குறைவதற்குள் சுமார் 100 மீட்டர் ஏறிவிடலாம். சின்னதாக ஒரு வட்டமடித்து இறங்க அது போதும். அதே உயரத்தில் 120-ல் வருபவருக்குக் கிடைப்பது 25 மீட்டர்கூட இல்லை. அந்த உயரத்தில், வேகமும் இல்லாமல் திரும்பப் பார்த்தால் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து கிளைடர் விழும். மீள இடமும் கிடையாது.

யாரும் வேண்டுமென்று அங்கே போய் மாட்டுவதில்லை. 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போகும் கிளைடருக்கு, அமைதியான காற்றில் 10 கி.மீ. போக 250 மீட்டர் உயரம் போதும். 120-ல் பறக்கும்போது வழியில் காற்று நொடிக்கு 1 மீட்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அதே தூரத்துக்கு 550 மீட்டர் வேண்டும்.

எனக்கும் ஒரு பந்தய நாள் சாயங்காலம் இப்படித்தான் ஆனது. மைதானம் 6 கி.மீ. தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. கையிருப்பு உயரம் கரைகிறது. நேர் கீழே அறுவடை முடிந்த கோதுமை வயல், இறங்க அருமையான இடம். இறங்கவில்லை. கடைசி மரவரிசையை ஒட்டித் தாண்டி, திரும்ப வழியில்லாமல் நேராக ஓடுதளத்தில் இறங்கினேன். கை தட்டினார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த முடிவை எடுத்தது நான் இல்லை, பந்தயத்தை முடித்தால் கிடைக்கும் பாயின்ட் மேல் இருந்த ஆசை.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினம் போகிறவர்களுக்கு இது புரியும். முந்தினால்தான் கலெக்‌ஷன் என்றால், நிதானமான டிரைவர்கூட அரியாங்குப்பத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கத்தான் செய்வார்.

அதனால்தான் பல பந்தயங்களில் தரைக் கோட்டுக்குப் பதிலாக, மைதானத்தைச் சுற்றிச் சில கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வைக்கிறார்கள். வட்டத்தின் விளிம்பைத் தொட்டதும் கடிகாரம் நின்றுவிடும். அங்கே குறைந்தபட்ச உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாயின்ட் வெட்டு. அதன்பின் இறங்குவது மட்டும்தான் வேலை. நொடிக்கு 2 மீட்டர் தூக்கும் தெர்மலில், அதாவது மேலே எழும் சூடான காற்றில், கூடுதலாக 100 மீட்டர் ஏற 50 வினாடி ஆகும். மூன்று மணி நேரப் பந்தயத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. விதி இல்லாதபோது அந்த 50 வினாடியை ஜாக்கிரதையானவர் மட்டும் இழந்தார். விதி வந்தபின் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. எல்லைக்கு 1 மீட்டர் குறைந்தாலே பெரிய தண்டனை என்றால், பைலட் வெளியே பார்க்காமல் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரையே பார்ப்பார். விளிம்பில் திடீரென மேலே இழுப்பார், பின்னால் வேறு கிளைடர்கள் வந்துகொண்டிருக்கும். ஆகவே தண்டனை குறைந்த மீட்டருக்கு ஏற்பப் படிப்படியாக ஏற வேண்டும் என்பது என் கருத்து. உயரம் போதாதவர் ரேடியோவில் சொல்லிவிட்டு, எந்த வித்தையும் காட்டாமல் நேராக இறங்கவும் வழி இருக்க வேண்டும்.

'பார்க்க அழகு' என்றீர்களே, 2005-ல் இங்கிலாந்தில் ஹஸ்பண்ட்ஸ் போஸ்வொர்த் மைதானத்தில் நடந்த போட்டியில், தாழ வந்த கிளைடர் மோதி ஒரு புகைப்படக்காரர் இறந்துபோனார். அவரும் அந்த அழகைப் படம் பிடிக்கத்தான் அங்கே நின்றிருந்தார்.