நாமினி போட்டாச்சு, அப்புறம் உயில் எதற்கு?

வங்கி டெபாசிட்டுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் மனைவியை நாமினியாகப் போட்டிருப்பதால் உயில் வேண்டாமே என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து எழுதிவிடுங்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான். பங்குகள் விஷயத்தில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது.

சரி, வீடு? உயில் இல்லையென்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சுயசம்பாத்திய வீடு மனைவி, மகன், மகள், உங்கள் அம்மா என எல்லோருக்கும் சம பங்காகும். பலர் அம்மாவை மறந்துவிடுகிறார்கள். பிறகு முழு வீட்டையும் விற்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் உங்கள் மனைவி கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும்.