கடையை அடகு வைக்காதீர்கள், மகள் பாலி மொழி படிக்கட்டும்

பர்மாவின் பெகுவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள், பௌத்த நூல்களின் மொழியான பாலியைப் படித்து மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன் என்றதும் வீடே கலங்கியிருக்கிறது. கலக்கம் புரிகிறது. ஆனால் பெரியப்பா சொல்கிறபடி கடையை அடகு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைப்பது தவறு. மனமில்லாத பிள்ளை பாதியில் நின்றால் படிப்பும் இல்லை, கடையும் இல்லை.

"பர்மாக்காரர் படிப்பு நமக்கெதற்கு" என்கிறாராம் பெரியப்பா. அபிதம்மாவதாரம் என்ற பாலி நூலை எழுதிய புத்ததத்தர் உறையூர்க்காரர். மணிமேகலையின் 30ஆம் காதை விரிப்பதே, துன்பம் தோன்றும் காரணத் தொடரான பன்னிரு சார்பைத்தான்: பாலியின் அவிஜ்ஜா அங்கே பேதைமை, தண்ஹா வேட்கை, உபாதானம் பற்று. மொழிபெயர்க்க வருபவளுக்கு இந்தச் சொற்கள் பெரிய முதல்.

இலக்கணத்திலும் அவளுக்குப் பாதி வேலை மிச்சம். பாலிக்கும் எட்டு வேற்றுமை, வினை கடைசியில். 'கந்த்வா' என்றால் 'போய்', நம் வினையெச்சமேதான். இடறுவது எழுத்தில். வலிமையைக் குறிக்கும் சொல்லும் கனியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பல'. அதனால் முதல் நாளிலிருந்தே பர்மிய எழுத்தில் எழுதட்டும். உச்சரிப்பு இன்னொரு சிக்கல்: இங்கே பர்மாவில், விழிப்பைக் குறிக்கும் 'சதி'யை 'ததி' என்பார்கள், 'ரூப'வை 'யூப' என்பார்கள், பாலி படிக்கும் கொழும்புக்காரர்களுக்கு அது புரியாது. இரண்டையும் பழக வேண்டும்.

பலர் திங்ஜோ என்ற பௌத்தத் தத்துவக் கையேட்டின் 89 சித்தங்களை, அதாவது மனநிலை வகைகளை, மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்கி, இலக்கணம் தெரியாமல் ஓராண்டில் சோர்ந்துவிடுகிறார்கள். முதலில் புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தின் முதல் பகுதி, யமக வர்க்கம், 20 பாட்டு. வாரம் இரண்டு பாட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை, எண், பால் குறித்து, கீழே தமிழில் பொருள். மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். திங்ஜோ அதன்பிறகு.

யாங்கோனில் 1998இல் தொடங்கிய சர்வதேசத் தேரவாத பௌத்தப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி டிப்ளமா உண்டு. யாங்கோன் பல்கலைக்கழகக் கீழ்த்திசையியல் துறையிலும் பாலி உண்டு. இந்த ஆண்டுச் சேர்க்கை விவரத்தை நேரில் போய்க் கேளுங்கள்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். தியான மையங்கள் தானத்தில் நடப்பவை, அங்கே மொழிபெயர்த்தால் பெரும்பாலும் சாப்பாடும் புண்ணியமும்தான். ஆகவே பர்மியம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் கூலிக்கு மொழிபெயர்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும். லெடி சயாடோ, மகாசி சயாடோ போன்ற துறவிகளின் பர்மிய நூல்களை மூலத்திலிருந்தே தமிழாக்க இந்த மூன்றும் பாலியும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

முதல் ஆண்டுக்கு ஒரு கியாட்கூடக் கடன் வாங்காதீர்கள். மூன்று மாதம் அவளாகவே நோட்டைத் திறக்கிறாளா என்று பாருங்கள். திறந்தால் சேர்த்துவிடுங்கள். திறக்காவிட்டால் அடுத்து என்ன என்று அவளிடமே கேளுங்கள், பெரியப்பாவிடம் அல்ல.