பதில்: ஜிம் கேசி கிறிஸ்துவின் குறியீடா?

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) நாவலில் வரும் முன்னாள் போதகர் ஜிம் கேசி கிறிஸ்துவின் சாயல் என்பதற்கு, ஜீசஸ் கிறைஸ்ட் என்ற பெயரோடு ஒத்துப்போகும் ஜே.சி. என்ற முதலெழுத்துகளை மட்டுமே உங்கள் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பு ஆசிரியர் "போதாது" என்றது நியாயம்தான். பெயர் பற்றிய வாதத்தைக் கடைசியில் வையுங்கள்.

26ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கும் தன்னை அடித்துக் கொல்ல வருபவர்களிடம் கேசி, நீங்கள் செய்வது உங்களுக்கே தெரியவில்லை என்கிறார். பக்கத்திலேயே லூக்கா 23:34ஐ வையுங்கள்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே." கேசியின் வாயில் பிதாவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. குழந்தைகளைப் பட்டினி போட உதவுகிறீர்கள் என்று கொலைகாரர்களிடமே நேராகச் சொல்கிறார். பிரசங்கத்தைக் கைவிட்டவர் அல்லவா! ஒற்றுமையைவிட இந்த வேறுபாட்டுக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

நாவலின் நாயகன் டாம் ஜோடுக்காகக் கேசி சிறை போனதை ஒரு வரியில் முடிக்கலாம். 28ஆம் அத்தியாயத்தில் டாம் கேசியின் சீடனாகப் பேசுவதை விட்டுவிடாதீர்கள்.