ஓர் இடம் முன்னேறக் கொடுத்த விலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்வதிலும் கைமாற்றிக்கொள்வதிலும் எடுத்த மோசமான முடிவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2017-இல் சிகாகோ பேர்ஸ் அணி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கான மிட்சல் ட்ரூபிஸ்கியைப் பெறுவதற்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் அவ்வரிசையில் சேர்த்திருந்தீர்கள். நான் சிகாகோ புறநகரில் வசிப்பவன். அந்த அணியின் வெற்றிதோல்விகளை என் வீட்டு நன்மை தீமைகளைப் போலவே எடுத்துக்கொள்பவன். உங்கள் தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை.

அணிகள் சுற்றுச் சுற்றாக, முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் அதே ஆண்டு பத்தாவதாகத் தெரிவுசெய்யப்பட்ட பேட்ரிக் மஹோம்ஸ் இத்தனை பெரிய ஆட்டக்காரராக வருவார் என்று அன்று யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் முதல் ஒன்பது இடங்களில் இருந்தவர்கள் அவரை விட்டிருப்பார்களா? நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பிக் குறை சொல்வது எளிது. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டுக்காக இரண்டு முதல் சுற்றுத் தெரிவு உரிமைகளைத் தூக்கிக் கொடுத்தது. அவர்கள் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றதால் அதைத் துணிச்சல் என்கிறார்கள். தோற்றிருந்தால் நீங்களும் அதை முட்டாள்தனம் என்றுதானே எழுதியிருப்பீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் முற்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் தொழில்முறை ஆட்டத்தில் எப்படி வருவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. பின்னாளில் பெரும் குவாட்டர்பேக்காக வந்த டாம் பிரேடி 2000-ஆம் ஆண்டில் 199-ஆவது ஆளாகத் தெரிவுசெய்யப்பட்டார். அவரை எடுத்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியே அதற்கு முன் ஆறு பேரை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தது. 1998-இல் முதலில் எடுக்க வேண்டிய குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று வல்லுநர்களே இரு அணியாகப் பிரிந்து வாதிட்டார்கள். லீஃப் தோற்றுப்போனார் என்பதற்காக அவரை உயர்வாக மதித்தவர்கள் அனைவரையும் அறிவிலிகள் என்று சொல்ல மாட்டேன். கணிப்பு பொய்த்துப்போவது ஒரு குற்றமே அல்ல. கணிப்பு பொய்க்கக்கூடியது என்று தெரிந்திருந்தும், பொய்க்கவே பொய்க்காது என்பதைப் போல விலை கொடுப்பதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன். அந்தக் குறை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் காண்பதற்கு ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பேர்ஸ் அணியையே எடுத்துக்கொள்வோம். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை என்ற டிராஃப்ட் விதிப்படி, 2017-இல் அவர்களுக்கு மூன்றாவது இடம் கிடைத்திருந்தது. ஒரே ஓர் இடம் மேலேறி இரண்டாவது ஆளாக ட்ரூபிஸ்கியை எடுப்பதற்காக, ஜெனரல் மேனேஜர் ரயன் பேஸ் தம் மூன்றாவது இடத்தோடு, அவ்வாண்டின் மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று உரிமைகளையும் அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று உரிமையையும், இரண்டாவது இடத்தை வைத்திருந்த சான் பிரான்சிஸ்கோ அணிக்குக் கொடுத்தார். சான் பிரான்சிஸ்கோ அந்த மூன்றாவது இடத்தில் எடுத்தது சாலமன் தாமஸ் என்ற தடுப்பாட்டக்காரரை. வேறோர் அணி இடையில் புகுந்து ட்ரூபிஸ்கியைக் கொண்டுபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். புகுந்திருக்கலாம்தான். ஆனால் அவ்வாண்டில் முதல் சுற்றுக்கு உரியவர்களாக மதிக்கப்பட்ட குவாட்டர்பேக்குகள் மூவர் இருந்தார்கள்: ட்ரூபிஸ்கி, மஹோம்ஸ், டெஷான் வாட்சன். முதல் இடத்திலிருந்த கிளீவ்லாந்து தடுப்பாட்டக்காரரான மைல்ஸ் காரட்டை எடுக்கும் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டது, அப்படியே எடுத்தது. ஆகவே இரண்டாவது இடத்தில் யார் வந்திருந்தாலும் மூவரில் ஒருவர்தான் குறைந்திருப்பார். பைசா செலவில்லாமல் அமர்ந்திருந்த இடத்திலேயே பேர்ஸ் அணிக்குக் குறைந்தது இருவர் மிஞ்சியிருப்பார்கள்.

மூவரில் சிறந்தவர் இவரே என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. ட்ரூபிஸ்கி வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காகத் தொடக்க ஆட்டக்காரராக ஆடியவை 13 ஆட்டங்கள் மட்டுமே. மூவரில் அவரைப் பற்றித்தான் மிகக் குறைவான சான்று இருந்தது. சான்று குறைந்த இடத்தில் ஐயம் கூடியிருக்க வேண்டும், விலை குறைந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அதற்கு முந்தைய மாதம்தான் அதே குவாட்டர்பேக் இடத்துக்காக மைக் கிளெனனுக்கு 1.85 கோடி டாலர் உத்தரவாதத்துடன் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். அவர் பேர்ஸ் அணிக்காகத் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது நான்கே ஆட்டங்கள். நான் பேர்ஸ் அணியைக் குறை சொல்வது மஹோம்ஸை அடையாளம் காணாததற்காக அல்ல என்பது இப்போது உங்களுக்குத் தெளிவாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

இதைப் பற்றி முறையான ஆய்வு உண்டு. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகளின் டிராஃப்ட் தெரிவுகளை ஆராய்ந்தார்கள். தேலர் பின்னர், 2017-இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னதாகத் தெரிவுசெய்யப்பட்டவர், தமக்கு அடுத்து தெரிவுசெய்யப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடு என்று அவர்கள் கண்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த இரண்டு விழுக்காட்டுக்காகத்தான் அணிகள் தங்கள் எதிர்காலத்தைப் பிரித்துப் பிரித்து விற்கின்றன. அடுத்த ஆண்டின் உரிமையைக் கொடுத்து இந்த ஆண்டின் உரிமையை வாங்கும்போது அணிகள் செலுத்தும் மறைமுக வட்டியையும் அவர்கள் கணக்கிட்டார்கள்: ஆண்டுக்கு 136 விழுக்காடு. கந்துவட்டிக்குக் கடன் வாங்குபவருக்காவது வேறு வழியில்லாத நெருக்கடி இருக்கும். இந்த அணிகளுக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை.

வட்டி எப்படி ஏறுகிறது என்பதை 1989-ஆம் ஆண்டின் ஹெர்ஷல் வாக்கர் ஒப்பந்தத்தைப் போலத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை. அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று, ஐந்து ஆட்டங்களில் ஐந்திலும் தோற்றிருந்த டல்லஸ் கௌபாய்ஸ் அணி, தன்னிடமிருந்த ஒரே நட்சத்திரமான வாக்கரை மினசோட்டா வைகிங்ஸுக்குக் கொடுத்தது. பந்தை ஏந்தி ஓடுபவரான ரன்னிங் பேக் அவர்; முந்தைய பருவத்தில் 1,514 யார்டுகள் ஓடியிருந்தார். 1987-ஆம் ஆண்டுப் பருவத்தில் சூப்பர் பௌலுக்கு ஓர் ஆட்டம் முன்பு வரை வந்து வாஷிங்டனிடம் தோற்றிருந்த மினசோட்டா, நல்ல ரன்னிங் பேக் ஒருவர் வந்துவிட்டால் போதும் என்று நம்பியது. அதன் ஜெனரல் மேனேஜர் மைக் லின் ஐந்து ஆட்டக்காரர்களை அனுப்பியதோடு, அடுத்தடுத்த ஆண்டுகளின் உரிமைகளில் பலவற்றை அந்த ஆட்டக்காரர்களோடு பிணைத்துக் கொடுத்தார். குறிப்பிட்ட ஆட்டக்காரரை டல்லஸ் 1990 பிப்ரவரி 1-க்குள் விடுவித்தால், அவரோடு பிணைக்கப்பட்ட உரிமை டல்லஸுக்குப் போகும் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனையை இரு தரப்பும் இரு விதமாகப் படித்தன. ஆளில்லாமல் தவிக்கும் அணி, அனுபவமுள்ள ஆட்டக்காரர்களை விட்டுவிடாது, ஆகவே உரிமைகள் பெரும்பாலும் தம்மிடமே தங்கும் என்று லின் எண்ணினார். டல்லஸின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனோ முதல் நாளிலிருந்தே உரிமைகளின் மீதுதான் கண்ணாக இருந்தார். அந்த ஆட்டக்காரர்கள் அனைவரையும் விடுவிக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார். எதிராளி தனக்குச் சாதகமான வழியையே தெரிந்தெடுப்பான் என்று எண்ணிப் பாராமல் எழுதப்பட்ட நிபந்தனை அது. முடிவில் மூன்று முதல் சுற்று உரிமைகளும் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளும் டல்லஸுக்குப் போயின. பிற்பாடு நடந்த பேச்சுவார்த்தையில் அந்த ஆட்டக்காரர்களில் சிலரையும் டல்லஸே தக்கவைத்துக்கொண்டது.

வாக்கர் மினசோட்டாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் 148 யார்டுகள் ஓடினார். அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் ஒப்பந்தம் வென்றுவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் அவர் அங்கே இருந்த எந்தப் பருவத்திலும் ஆயிரம் யார்டுகளைத் தொடவில்லை. 1991-க்குப் பின் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். டல்லஸ் தனக்குக் கிடைத்த 1990-ஆம் ஆண்டு முதல் சுற்று உரிமையோடு ஒரு மூன்றாம் சுற்று உரிமையைச் சேர்த்துக் கொடுத்து, 21-ஆவது இடத்திலிருந்து 17-ஆவது இடத்துக்கு ஏறி, எம்மிட் ஸ்மித்தை எடுத்தது. அவர் இந்த லீகின் வரலாற்றிலேயே மிக அதிகமாக, 18,355 யார்டுகள் ஓடினார். கவனியுங்கள்: டல்லஸும் மேலேறத்தான் செய்தது. ஆனால் நான்கு இடங்களுக்குக் கொடுத்த விலை ஒரே ஒரு மூன்றாம் சுற்று உரிமை. பேர்ஸ் ஓர் இடத்துக்குக் கொடுத்ததோ இரண்டு மூன்றாம் சுற்று உரிமைகளும் ஒரு நான்காம் சுற்று உரிமையும். 1989-இல் ஒரே ஆட்டத்தில் மட்டும் வென்ற டல்லஸ், 1992, 1993, 1995 ஆகிய பருவங்களில் சூப்பர் பௌலை வென்றது.

இனி ஸ்டாஃபர்ட். ராம்ஸ் தோற்றிருந்தாலும் அதை முட்டாள்தனம் என்று நான் எழுதியிருக்க மாட்டேன். ஸ்டாஃபர்ட் டெட்ராய்ட் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடி 45,000 யார்டுகளுக்கு மேல் எறிந்தவர். அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பது எல்லோர் கண்முன்னும் இருந்தது. ஏரன் டொனால்ட், ஜேலன் ராம்சி, கூப்பர் கப் போன்றவர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். விலை பெரியதுதான், ஆயினும் அறிந்த பொருளுக்குக் கொடுத்த விலை அது. ராம்ஸ் செய்த பிழை வேறிடத்தில் இருக்கிறது. 2019-இல் தங்கள் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபுக்கு 11 கோடி டாலர் உத்தரவாதத்துடன் நீண்ட ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, ஒன்றரை ஆண்டுக்குள் அவர் வேண்டாம் என்று முடிவுசெய்து, ஸ்டாஃபர்ட் ஒப்பந்தத்திலேயே அவரை டெட்ராய்டுக்கு அனுப்பினார்கள். டெட்ராய்டுக்குக் கொடுத்த உரிமைகளில் ஒரு பகுதி அந்தச் சுமையை இறக்கிவைப்பதற்கான கூலி. 2022 பிப்ரவரியில் கோப்பையை வென்றதால் அந்தப் பிழை சரியாகிவிடாது. அதே காஃப் 2024 ஜனவரியில் டெட்ராய்டில் நடந்த பிளேஆஃப் என்னும் வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில் ராம்ஸை 24-23 என்று தோற்கடித்தார்.

இதே அளவுகோல் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பொருந்தும். 2021-இல் ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்காக 12-ஆவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏற மேலும் இரண்டு முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தார்கள். அவர் அவர்களுக்காகத் தொடங்கியது நான்கு ஆட்டங்கள். அடுத்த ஆண்டின் கடைசித் தெரிவான, 262-ஆவது ஆளான குவாட்டர்பேக் ப்ராக் பர்டி அவர்களைக் காப்பாற்றினார். பர்டியின் வெற்றி லான்ஸ் ஒப்பந்தத்தை நியாயப்படுத்தாது.

எதிர்காலத்தை விற்பது ஏன் நிற்கவில்லை என்றால், விற்பவர் ஒருவர், விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்பதே முதற்காரணம். உங்கள் ஊரின் பெரும் பயிற்சியாளரான மைக் டிட்கா, 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் இருந்தபோது, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ரன்னிங் பேக்குக்காக அவ்வாண்டில் அணிக்கிருந்த ஆறு உரிமைகளையும், 2000-ஆம் ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்று உரிமைகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தார். அணி மூன்று ஆட்டங்களில் வென்று பதின்மூன்றில் தோற்றது, டிட்கா நீக்கப்பட்டார். அவர் விற்ற 2000-ஆம் ஆண்டு உரிமை இரண்டாவது இடமாக உயர்ந்திருந்தது. அது இல்லாமல் அணியைக் கட்ட வேண்டியிருந்தவர்கள், அந்த ஒப்பந்தத்தில் பங்கே இல்லாத அடுத்த நிர்வாகிகள்.

ஆகவே தடுக்க வேண்டியவர், அணியைவிட்டுப் போகாதவரான உரிமையாளர். அவரே முன்னின்று செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் சான்று; இதை எழுதும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. 1995-ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் தன் அணி பால்டிமோருக்குப் போய்விட, மூன்றாண்டுகள் அணியே இல்லாமல் இருந்த ஊர் அது. அணியின் குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்கைத் தோற்கடித்தபோது, கால் நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி அது. அடுத்த ஆண்டே, 2022 மார்ச்சில், மூன்று முதல் சுற்று உரிமைகளையும் வேறு சில உரிமைகளையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்து டெஷான் வாட்சனை வாங்கி, 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மீது பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளுடன் சிவில் வழக்கு தொடுத்திருந்தார்கள். அவர் அவற்றை மறுத்தார். குற்றவியல் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் முந்தைய பருவம் முழுவதும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. முதலாண்டின் அடிப்படை ஊதியத்தைப் பத்து லட்சம் டாலரை ஒட்டி வைத்தார்கள்; ஆகவே பதினோரு ஆட்டத் தடை வந்தபோது, லீக் தனியாக விதித்த 50 லட்சம் டாலர் அபராதத்தை விட்டுவிட்டால், அவர் இழந்த ஊதியம் மிகச் சொற்பம். அந்தப் பெண்களை ஒரு நிமிடமாவது மனத்தில் வைத்திருந்தவர்கள் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள்.

2025 வசந்தத்தில் உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லம், பெரிய வீச்சு வீசினோம், தவறிவிட்டது என்ற பொருளில் பேசினார். அவர் வெளிப்படையாகப் பேசியதை மதிக்கிறேன், சொன்னதை ஏற்கவில்லை. தவறியது குறி அல்ல. வாட்சன் ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்றிருந்தாலும் அந்த நாளில் அந்த விலைக்கு அந்த ஒப்பந்தம் கூடாது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று டிராஃப்ட்களிலும் கிளீவ்லாந்துக்கு முதல் சுற்று உரிமை இல்லை; 2024 பருவத்தில் அவர்கள் வென்றவை மூன்றே ஆட்டங்கள்.

அதனால் கிடைத்த இரண்டாவது இடத்தை, 2025 ஏப்ரலில் அவர்கள் ஜாக்சன்வில் ஜாக்வார்ஸுக்கு விற்று, ஐந்தாவது இடத்தையும், அவ்வாண்டின் இரண்டாம் சுற்று உரிமை ஒன்றையும், 2026-ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் பெற்றார்கள். ஜாக்சன்வில் அந்த இடத்தில் டிராவிஸ் ஹன்டரை எடுத்தது. ஹன்டர் நாளை இந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவே வந்தாலும், அன்று விற்றது சரியான முடிவு என்றே நான் எழுதுவேன்.