கீரையும் வெடிமருந்தும்: ‘ஸெல்யே’ கேள்வி பதில்

கே: ரஷ்ய வீடியோ கேமில் மந்திரப் பானத்துக்கு ‘ஸெல்யே’ என்று போட்டிருக்கிறது. ஒரு அகராதி ‘மூலிகை’ என்கிறது. எது சரி?

இரண்டும். ‘ஸெல்யோனி’ என்றால் பச்சை. ஸெல்யே முதலில் வெறும் பச்சிலைதான். இலையைக் காய்ச்சினால் கஷாயம். கஷாயம் கை மாறினால் விஷம், வசிய மருந்து. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பீரங்கிக்குப் போட்டதும் ஸெல்யேதான். அந்த வேலையைப் பிறகு ‘போரஹ்’ என்ற சொல் வாங்கிக்கொண்டது. இன்று கிண்டலாகச் சாராயத்தையும் அப்படிச் சொல்வார்கள்.

கே: கீரை எப்படி ஐயா வெடிக்கும்?

நம் ‘மருந்து’ எப்படி வெடிக்கிறது? வைத்தியர் தருவது மருந்து, வயலில் அடிப்பது மருந்து, மாப்பிள்ளைக்குச் சோற்றில் வைத்துவிட்டார்கள் என்று புரளி கிளம்புவதும் மருந்து, சிவகாசியில் குழாயில் அடைப்பதும் மருந்து. பாரசீகத்தில் ‘தாரூ’ மருந்து. அதே சொல் மராத்திக்கு வந்து சாராயமாகவும் வெடிமருந்தாகவும் ஆனது. டச்சில் மூலிகைக்கும் வெடிமருந்துக்கும் உச்சரிப்பு ஒன்றே, எழுத்தில் மட்டும் கடைசி எழுத்து வேறு. காரணம் செய்முறை என்பது என் கணிப்பு. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் இடித்து, சலித்து, அளவு பார்த்துக் கலப்பவனைத் தூரத்திலிருந்து பார்த்தால் சூரணம் செய்கிறவன் மாதிரிதானே இருப்பான்?

கே: ‘செழி’யிலிருந்து போன சொல்லா?

இல்லை. ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது.

கே: ப்ராக் நகரில் ‘ஸெலீ’ கேட்டேன், முட்டைகோஸ் வந்தது.

சரியாகத்தான் பரிமாறியிருக்கிறார்கள். செக், ஸ்லோவேனிய மொழிகளில் எல்லாக் கீரையும் சுருங்கி முட்டைகோஸ் ஆகிவிட்டது. போலிஷில் இன்னும் மூலிகைதான்.

கே: முழங்கால் வலிக்கு ரஷ்ய மூலிகை ஏதாவது?

நான் சொல்லுக்குத்தான் வைத்தியன். டாக்டரைப் பாருங்கள்.

கே: ‘செடி’யாக இருக்கலாமே?

‘செழி’க்குச் சொன்ன அதே பதில்.

கே: ரஷ்யத் தங்கம் ‘ஸோலத’வும் இதே வேர் என்கிறார்கள். அப்படியானால் ‘செல்வம்’ மட்டும் ஏன் கூடாது?

சரி, ஒரே தடவை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸோலத இதே வேர்தான். தானியப் பயிரைக் குறிக்கும் ‘ஸ்லாக்’கும் அப்படியே. வேரின் பொருள் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். இளம்பயிர் ஒரு பக்கம், பொன் மறுபக்கம். இதன் உண்மையான சொந்தக்காரர்கள் சமஸ்கிருதத்தின் ‘ஹரித’வும் (பச்சை) ‘ஹிரண்ய’வும் (பொன்). காதுக்கு ஒட்டவே இல்லை, இல்லையா? ஆனால் ரஷ்ய ‘ஸ’ (ஆங்கில z ஓசை) வரும் இடத்தில் சமஸ்கிருத ‘ஹ’ வருவது திரும்பத் திரும்ப நடக்கிறது. ரஷ்யக் குளிர்காலம் ‘ஸிமா’, சமஸ்கிருதப் பனி ‘ஹிம’. இப்படி ஒரு வரிசை ‘செல்வ’த்துக்குக் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கே: ‘செல்லம்’?

அடுத்தவர் வரலாம்.