மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அரக்கர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது முரண்பாடா?

மினியேச்சர் என்பது மேசை விளையாட்டில் வீரனையோ அரக்கனையோ குறிக்கும் குட்டிச் சிலை. மனித உருவம் பெரும்பாலும் 28 மி.மீ. உயரம்தான். இவ்வளவு சிறிய முகத்தில் அறை வெளிச்சம் தெளிவான நிழலைத் தராது. அதனால் பள்ளங்களில் நீர்த்த கருவண்ணத்தை ஓடவிட்டு, மேடுகளில் வெளிர்நிறத்தைத் தேய்த்து, நிழலையே தீட்டிவிடுகிறார்கள். கடைசி வரிசைக்கும் தெரிய மேடை நடிகர் அழுத்தமாக மை இடுவதைப் போல. எத்தனை பொறுமையான கைவேலை!

சரி, மார்மன்களுக்கு இதில் தடை உண்டா? அவர்களுடைய சபை விலக்கச் சொல்வது மது, புகையிலை, காபி, தேநீர் போன்றவற்றை. கற்பனை உயிரினங்களை அல்ல. 1981இல் 'கால் ஆஃப் கதுலு' என்ற திகில் விளையாட்டை வடிவமைத்த சாண்டி பீட்டர்சனே மார்மன்தான்.

அரக்கனுக்கு வண்ணம் தீட்டுவதை வழிபாடு என்று சிலர் நினைக்கிறார்கள். மேசையில் அது வீரர்கள் தோற்கடிக்க வேண்டிய எதிரிக் காய், அவ்வளவுதான்.